நடக்கும் முன்பே எழுதப்பட்ட வரி

அத்தியாயம் 6

பிற்பகல் ஒன்று இருபது. விசாரணை நான்கு மணிக்கு.

அண்ணி பன்னிரண்டாவது பக்கத்தைக் கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு அடிக்கோலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாக மேலே நகர்த்தினார். அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் புரூஃப் பார்த்தவர் அவர். மேலிருந்து படித்தால் மூளை தானாகவே இட்டு நிரப்பிக்கொள்ளும், கீழிருந்து படித்தால் கண் மட்டும்தான் படிக்கும் என்பது அவர் தொழிலில் கற்றது. அச்சகம் மூடிய பிறகு துப்பறியும் அலுவலகம் திறந்தார். வாடிக்கையாளர்கள் முதற்கொண்டு எல்லோருக்கும் அவர் அண்ணிதான். அப்படி அழைக்க உண்மையில் உரிமை உள்ளவன் ஒருவன்தான். அவர் கணவரின் தம்பி. அவருக்கு உதவியாளனும் அவன்தான். இதற்கு முன் நான்கு வேலை பார்த்தவன். நான்கும் போனதற்குக் காரணம் தன் வாய்தான் என்று அவனே சொல்வான்.

அறையில் இன்னும் இருவர் இருந்தார்கள். ஒருவர், மருந்துக் கிடங்கின் குளிரறைக்குப் பொறுப்பான மருந்தாளுநர். நாற்பதைத் தாண்டிய பெண். மற்றவன், அந்தக் கிடங்கின் கதவுப் பதிவுகளுக்குப் புரோகிராம் எழுதியவன். அந்த மருந்தாளுநரின் அண்ணன் மகன். கிடங்குக்கு அவனைச் சிபாரிசு செய்ததே அவர்தான்.

"அத்தை, நான் உங்களைச் சந்தேகப்படல. ஆனா புரோகிராம் பொய் சொல்லாது."

"அப்போ நான் சொல்றேனா?"

"அப்படிச் சொல்லல."

"வேற எப்படிடா எடுத்துக்கறது? ரெண்டுல ஒண்ணுதானே?"

"பதினோராவது தடவை," என்றான் கொழுந்தன். "மூணு நாளா இதே நாலு வரி. அடுத்த தடவை எனக்கும் ஒரு வரி குடுங்க, சேர்ந்து பாடறேன்."

ஏசியிலிருந்து ஒழுகிய தண்ணீர், மேஜைக்கு அடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

விஷயம் இவ்வளவுதான். போன வியாழக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிவாக்கில் குளிரறை சூடாகி அறுநூறு பெட்டி இன்சுலின் வீணானது. கதவுப் பதிவில், இரண்டு பன்னிரண்டுக்கு மருந்தாளுநரின் கார்டு அந்த அறையைத் திறந்திருந்தது. அவரோ பன்னிரண்டு மணிக்கே அரைநாள் விடுப்பில் கிளம்பி, கணவரைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தார். கார்டு அவர் பையில் இருந்தது. ஆனால் கிடங்கு நிர்வாகம் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தது. நீங்கள் திரும்பி வரவில்லை என்றால் கார்டை யாரிடமோ கொடுத்திருக்கிறீர்கள். எது நடந்திருந்தாலும் மருந்தாளுநர் பதிவு ரத்தாகும். அதன்பிறகு எந்த மருந்துக் கடையிலும் அவர் நிற்க முடியாது.

"வியாழக்கிழமை கடைசியா எப்போ குளிரறையைத் திறந்தீங்க?" என்று அண்ணி கேட்டார்.

"பதினொண்ணே முக்கால் இருக்கும். வண்டியில வந்த பெட்டியை உள்ள வெச்சேன். வாங்கினதுக்குக் கையெழுத்துப் போட்ட தாள்கூட இருக்கு."

"அந்த வரி இந்தப் பட்டியல்ல இல்ல."

புரோகிராமர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "இல்லைன்னா திறக்கலைன்னு அர்த்தம்."

"பெட்டி தானா நடந்து உள்ள போச்சா?" என்றான் கொழுந்தன்.

"திறந்த கதவு ஒண்ணு குறையுது. திறக்காத கதவு ஒண்ணு கூடுது," என்றார் அண்ணி. அடிக்கோலின் முனையைத் தாளின் வலது ஓரத்தில் வைத்தார். "இங்க பொடி எழுத்துல ஒரு எண் இருக்கே, இது என்ன?"

"பதிவு எண். ஒவ்வொரு வரியும் உள்ள விழும்போது டேட்டாபேஸ் தானா போடறது. மாசம் பிறந்தா மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கும். அதை யாரும் பார்க்க மாட்டாங்க."

"நான் பார்த்துட்டேன். இந்தப் பக்கத்துல எல்லாம் நாலாயிரத்து நானூத்து அறுபது, அறுபத்தொண்ணுன்னு போகுது. ரெண்டு பன்னிரண்டு வரியில மட்டும் நாலாயிரத்து நானூத்துப் பதினேழு. பத்தாவது பக்கத்துக்குப் போ. பதினொண்ணு நாப்பத்தொண்ணுக்குப் பதினாறு. அடுத்தது பதினொண்ணு நாப்பத்து மூணு. அதுக்குப் பதினெட்டு. நடுவுல பதினேழைக் காணோம்."

புரோகிராமர் தாளை வாங்கிப் பார்த்தான். பிறகு சற்று நிம்மதியாக நிமிர்ந்தான்.

"இது சகஜம் மேடம். நெட்வொர்க் போச்சுன்னா கதவுல இருக்கற கருவி வரியைக் கையில வெச்சுக்கும். லைன் வந்ததும் அனுப்பும். எண் முன்ன பின்ன ஆகும்."

"தாமதமா வந்த வரிக்கு எண் பெருசா இருக்கணுமா, சின்னதா இருக்கணுமா?"

அவன் பத்தாவது பக்கத்தை மறுபடி புரட்டினான்.

"பெருசா," என்றார் மருந்தாளுநர் மெதுவாக.

"இது சின்னதா இருக்கு. ரெண்டு பன்னிரண்டுக்கு நடந்ததை, பதினொண்ணு நாப்பத்திரண்டுக்கே எழுதியாச்சு."

"நடக்கறதுக்கு முன்னாடி எழுதினா அதுக்குப் பேரு பதிவு இல்ல," என்றான் கொழுந்தன். "ஜாதகம்."

*

அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. புரோகிராமர் தன் லேப்டாப்பில் பதிவு எழுதும் பகுதியைப் பத்தாயிரம் முறை ஓட்டிக் காட்டினான். பத்தாயிரமும் சரியான நேரம். இன்னொரு பத்தாயிரம். அதுவும் சரி. மணி இரண்டே கால்.

"பாருங்க. நேரத்தை நான் கணக்குப் போடறதே இல்ல. அதுக்குன்னு ஒரு லைப்ரரி இருக்கு, வேற யாரோ எழுதிவெச்ச ரெடிமேட் புரோகிராம். உலகம் பூரா புரோகிராமர்கள் வெச்சுப் பிழைக்கற லைப்ரரி. இந்தக் கம்ப்யூட்டர் எந்த ஊர்ல இருக்குன்னு சிஸ்டத்தைக் கேட்டு, அந்த ஊர் நேரத்தைச் சொல்லும். அதுல தப்பு வராது."

"உன் அத்தையும் ரொம்ப வருஷமா உலகத்துல இருக்காங்க," என்றான் கொழுந்தன். "அவங்க மேல இந்த நம்பிக்கை வரலையே."

"நான் நாப்பத்து மூணு வருஷமா இருக்கேன்," என்றார் மருந்தாளுநர். குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

அண்ணி இரண்டு நேரங்களையும் தாளில் எழுதிக் கழித்திருந்தார். "சரியா ரெண்டரை மணி நேரம். இந்தக் கிடங்குல யாருக்காவது கடிகாரம் ரெண்டரை மணி முன்னாடி ஓடுதா?"

"வெளிநாட்டுக் கிளைக்கு," என்றார் மருந்தாளுநர். "நாங்க சாப்பிட உட்காரும்போது அவங்க வீட்டுக்குக் கிளம்பத் தயாராயிடுவாங்க."

"அவங்க நம்ம பதிவைத் தொடுவாங்களா?"

"தொட முடியாது," என்றான் புரோகிராமர் உடனே. "பட்டனை அழுத்தி அறிக்கை எடுக்கலாம். பார்க்கத்தான் முடியும். எழுத முடியாது."

"எனக்கு ஒண்ணு எடுத்துக் குடு. அவங்க எடுத்தது ஏதாவது இருந்தா அதையும் குடு."

பிரிண்டர் இரண்டு கற்றைகளைத் துப்பியது. ஒன்று, கிளைக்கான அறிக்கையை லேப்டாப்பில் இப்போது எடுத்தது. மற்றது, போன வியாழக்கிழமை கிளை மேலாளர் சர்வரிலிருந்து எடுத்து மின்னஞ்சலில் எல்லோருக்கும் அனுப்பிய வருடாந்திர அறிக்கை. அண்ணி இரண்டையும் அருகருகே வைத்து அடிக்கோலைக் குறுக்கே போட்டார். கால் மணி நேரம் வரிவரியாக ஒப்பிட்டார். கொழுந்தன் அதற்குள் வாளியை எடுத்துப் போய்க் கொட்டிவிட்டு வந்தான்.

"ஒரே வரி. ஒரே ஆள், ஒரே கதவு. உன் தாள்ல ஒன்பது அஞ்சு. அவங்க தாள்ல பதினொண்ணு முப்பத்தஞ்சு."

"அது அப்படித்தான். அவங்களுக்கு அவங்க ஊர் நேரம்தான் வேணும். சர்வர்ல சரியா வரும். லேப்டாப்புல வராது, நம்ம நேரமே வரும். நாங்க அதைக் கண்டுக்கறதில்ல."

"ஏன் வராது?"

"ரெண்டும் வேற வேற ஆபரேட்டிங் சிஸ்டம். அது…" அவன் நிறுத்தினான்.

"சொல்லு."

"சர்வர்ல இருக்கற சிஸ்டம், எந்த ஊர் நேரம்னு ஒரு சீட்டைப் பார்த்துச் சொல்லும். புரோகிராமோட சீட்டு. அறிக்கை போடறதுக்கு முன்னாடி அந்தச் சீட்டுல கிளை ஊர் பேரை எழுதுவேன். முடிஞ்சதும் நம்ம ஊர் பேரைத் திரும்ப எழுதிடுவேன். லேப்டாப் சிஸ்டம் அந்தச் சீட்டைச் சட்டையே பண்ணாது."

"எத்தனை சீட்டு?"

"ஒண்ணுதான். மொத்தப் புரோகிராமுக்கும்."

கொழுந்தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "வீட்டுக்கு ஒரே கடிகாரம். வெளிநாட்டு மாப்பிள்ளைகிட்ட போன் பேசறதுக்காக நீ முள்ளைத் திருப்பி வெக்கறே. பேசி முடிச்சதும் பழையபடி வெச்சுடறே. நடுவுல அப்பா மணி பார்த்துட்டு ஆபீஸுக்கு ஓடினா, அது உன் தப்பு இல்ல. அப்படித்தானே?"

"எவ்வளவு நேரம் முள் திரும்பி இருக்கும்?" என்று அண்ணி கேட்டார்.

"தினசரி அறிக்கைன்னா கண் இமைக்கற நேரம். வருஷ அறிக்கைன்னா ஏழெட்டு செகண்ட்."

அண்ணி கிளை மேலாளரின் மின்னஞ்சலைத் திருப்பிப் பார்த்தார். நம் நேரப்படி அது வியாழக்கிழமை காலை பதினொன்று நாற்பத்து மூன்றுக்கு வந்திருந்தது. மருந்தாளுநர் எழுந்து நின்றுவிட்டார்.

அப்போதுதான் புரோகிராமர் தலையை ஆட்டினான். "நல்லா இருக்கு. ஆனா அப்படி நடக்க வாய்ப்பே இல்ல."

"ஏன்?"

அவன் லைப்ரரியின் கையேட்டைத் திரையில் திறந்து காட்டினான். அதை எழுதியவர்களுக்கு இந்த ஆபத்து முன்பே தெரிந்திருந்தது. ஒரு புரோகிராமுக்குள் பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது, இந்த வகைச் சர்வரில், ஒரு வேலை பார்த்துக்கொண்டிருக்கும் சீட்டை இன்னொரு வேலை மாற்றக்கூடும். அதனால் அங்கே அந்த லைப்ரரி உள்ளூர் நேரம் சொல்லவே மறுத்துவிடும். தப்பாகச் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது மேல் என்பது அவர்கள் முடிவு.

"அதனாலதான் இதையே எடுத்தேன். சீட்டு மாறற நேரத்துல கேட்டா பிழைன்னு வரும். வரி விழாது. தப்பான வரி விழவே விழாது."

மணி மூன்று ஐந்து. வாளியில் சொட்டுச் சத்தம் மறுபடி தொடங்கியது.

மருந்தாளுநர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "விடுங்க அண்ணி. தப்பு என்னுதுன்னு நானா கையெழுத்துப் போட்டா போலீஸுக்குப் போகாம முடிச்சுக்கலாம்னு சொல்லியிருக்காங்க. போட்டுடறேன். இவன் புரோகிராமாவது நல்லா இருக்கட்டும்."

"அத்தை, நான் என்ன பண்ணட்டும்? இல்லாததை இருக்குன்னு சொல்லவா?"

"உட்காருங்க," என்றார் அண்ணி. அவர் இன்னும் கையேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், கீழிருந்து மேலாக. "சர்வர்ல பல வேலை ஒரே நேரத்துல எப்பவாவது ஓடுமா, எப்பவுமே ஓடுமா?"

"எப்பவுமே. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வேலை."

"அப்போ அந்த லைப்ரரி எப்பவுமே மறுக்கணும்."

"ஆமா."

"மறுத்தா ஒரு வரிகூட விழக்கூடாது. இந்த ஒரு மாசத்துலயே நாலாயிரத்துச் சொச்சம் வரி விழுந்திருக்கு. எல்லாத்துலயும் உள்ளூர் நேரம் இருக்கு. யார் சொன்னது?"

புரோகிராமர் சர்வருக்குள் நுழைந்தான். புரோகிராமைக் கட்டும்போது என்னென்ன வேண்டும் என்று எழுதி வைக்கும் கோப்பைத் திறந்தான். விரல் வரிவரியாக இறங்கி, ஓரிடத்தில் நின்றது. அவன் காது மடல் சிவந்தது.

அங்கே ஒரு சுவிட்ச் போடப்பட்டிருந்தது. ஆபத்து தெரிந்தேதான் கேட்கிறேன், மறுக்காமல் நேரத்தைச் சொல் என்று லைப்ரரிக்குச் சொல்லும் சுவிட்ச். பக்கத்தில் ஒரு குறிப்பு: தற்காலிகம். நாளைக்குச் சரி பண்ணணும். அதன் கீழே இரண்டு வருடம் நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி.

"யார் போட்டது?" என்றார் மருந்தாளுநர்.

"நான்தான் அத்தை." அவன் திரையைப் பார்த்தே பேசினான். "அன்னிக்கு சாயங்காலம் கிடங்குல டெமோ. லேப்டாப்புல ஓடுச்சு, சர்வர்ல ஏத்தினதும் பிழைன்னு வந்துட்டே இருந்துச்சு. ஏன்னு படிக்க நேரமில்ல. வாயை அடைச்சுட்டேன். அப்புறம் மறந்தே போச்சு."

"அந்த டெமோவுக்கு உன்னைக் கூட்டிட்டுப் போனதே நான்தான்," என்றார் மருந்தாளுநர்.

அண்ணி தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

*

கிடங்கு இரண்டு தெரு தள்ளி. நால்வரும் ஏறக்குறைய ஓடினார்கள். விசாரணை அறை முதல் மாடியில் இருந்தது. எல்லாக் கதவையும் போல அதற்கும் கார்டு கருவி. தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பொது மேலாளர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தபடி ஐந்து நிமிடம் அண்ணியின் விளக்கத்தைக் கேட்டார்.

"எனக்கு இந்தச் சீட்டு, முள் எதுவும் புரியல. என் கையில பதிவு இருக்கு. உங்க கையில கதை இருக்கு."

"காட்டறோம் சார்," என்றான் புரோகிராமர்.

காட்ட முடியவில்லை. கொழுந்தன் விருந்தினர் கார்டோடு வெளியே போனான். புரோகிராமர் லேப்டாப்பிலிருந்து சர்வரில் கிளையின் வருட அறிக்கையை அழுத்தினான். கொழுந்தன் கார்டைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தான். திரையில் நான்கு ஒன்பது. சுவரிலும் நான்கு ஒன்பது. அறிக்கை அதற்குள் முடிந்திருந்தது. இரண்டாம் முறை கருவி கார்டைப் படிக்கவில்லை. மூன்றாம் முறை கொழுந்தன் முந்திவிட்டான்.

"பிறந்ததுலேர்ந்து முதல் தடவையா நேரத்துக்கு வர்றேன், அதுவும் தப்பாப் போச்சு," என்றான்.

பொது மேலாளர் எழுந்தார். "போதும். தாளை எடுத்துட்டு வர்றேன். அம்மா, நீங்க கையெழுத்துப் போட்டுடுங்க. எல்லாருக்கும் நல்லது."

அவர் வெளியே போய்ப் பக்கத்து அறையில் யாரிடமோ பேசும் சத்தம் கேட்டது. மருந்தாளுநர் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். புரோகிராமர் அவர் கையைப் பார்த்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் அறிக்கைப் பட்டனை அழுத்தினான். முடிந்ததும் மறுபடி அழுத்தினான். மறுபடி. இடைவெளியே விடாமல்.

கதவில் கருவி ஒலித்தது. பொது மேலாளர் தாளோடு உள்ளே வந்தார். "எங்கே போடணும்னு பென்சில்ல குறிச்சிருக்கேன்."

"சார்," என்றான் கொழுந்தன். முதல் முறையாக அவன் குரலில் கேலி இல்லை. "நீங்க இன்னும் உள்ள வரல."

"என்ன?"

"ஆறு ஐம்பத்தொண்ணுக்குத்தான் வர்றீங்க. இங்க போட்டிருக்கு. உங்க கார்டு, உங்க பேரு."

பொது மேலாளர் குனிந்து திரையைப் படித்தார். சுவரைப் பார்த்தார். நான்கு இருபத்தொன்று. மறுபடி திரை. தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார், மை அழியுமா என்று பார்ப்பவரைப் போல. அவர் உட்கார வெகுநேரம் ஆனது.

"அப்போ வியாழக்கிழமை ரெண்டு பன்னிரண்டுக்குக் குளிரறையைத் திறந்தது யாரு?"

"யாரும் இல்ல," என்றார் அண்ணி. "பதிவு எண் வரிசையில பார்த்தா, பன்னிரண்டு ஐம்பதுக்குச் சுமை ஏத்தறவங்க மூடினதுக்கப்புறம் மூணு மணி வரைக்கும் அந்தக் கதவு திறக்கவே இல்ல. மூடியிருந்த அறை ஏன் சூடாச்சுன்னு குளிர்சாதன மெக்கானிக்கைக் கேளுங்க. கேட்டீங்களா?"

பொது மேலாளர் கோப்பைப் புரட்டினார். மெக்கானிக்கின் தாள் அடியில் இருந்தது. மின்விசிறி மோட்டார் அவ்வப்போது நின்றுவிடுகிறது என்று மூன்று வரி. தேதி, வெள்ளிக்கிழமை. கதவுப் பதிவு கிடைத்துவிட்டதால் அதை யாரும் படிக்கவில்லை. அவர் தாளை மேலே எடுத்து வைத்தார்.

"இது அன்னிக்கு ஒரு தடவை நடந்ததா?" என்று புரோகிராமரைக் கேட்டார்.

எண் சிறிதாகவும் நேரம் பெரிதாகவும் இருக்கும் வரிகளை அவன் தேடினான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"ரெண்டு வருஷம் நாலு மாசத்துல முப்பத்தொண்ணு சார்." திரையை அவர் பக்கம் திருப்பினான். "சுவிட்சைப் போட்டது நான். எழுதித் தர்றேன்."

மருந்தாளுநர் பேனாவை மூடினார். அண்ணன் மகனை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்த முப்பத்தொண்ணையும் இன்னிக்கே எடுத்துக் குடு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள் எங்கேயோ பதில் சொல்லிட்டு நின்னிருப்பான்."

"சரி அத்தை."

பொது மேலாளர் பென்சில் குறியிட்ட தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது என்று தன் கையாலேயே எழுதினார். கையெழுத்திட்டு, தேதி போட்டார். நேரம் எழுதும் இடத்துக்கு வந்ததும் பழக்கத்தில் திரைப்பக்கம் திரும்பியவர், பாதியில் நிறுத்தினார்.

"அம்மா," என்றார் மருந்தாளுநரிடம். "மணி என்ன?"

அவர் சொன்னார். பொது மேலாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.